இந்தானைக் கட்டி வெச்சிருக்கேன்

“அவசர உதவி. என்ன உதவி வேணும், சொல்லுங்க?”

“ஆப்பி-ஆப்பி! ஆப்பி-ஆப்பி துவா! சீக்கிரம் வாங்க!”

“தீயா சார்? எங்க எரியுது?”

“ஆப்பி-ஆப்பி துவான்னு சொல்றேன்ல! இந்தானை இங்கதான் கட்டி வெச்சிருக்கேன். அவ கர்ப்பமா இருக்கா. தண்ணி ஏற ஆரம்பிச்சிருச்சு.”

“சார், யாரு இந்தான்? நீங்க யாரு?”

“சைரன் மட்டும் போடாதீங்க! அவ பயந்துட்டா நாங்க ரெண்டு பேருமே…”

டக்.

விடிந்தும் விடியாமலும் நடந்த அந்தப் பேச்சை ரொஸ்னிதா மனப்பாடம் போல ஒப்பித்து முடித்தாள். அவசர உதவி மையத்தில் போன் எடுப்பது அவள் வேலை. இப்போது இடைவேளை. மையத்தின் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, மலேசியாவின் இன்னொரு ஊரான தைப்பிங்கில் இருக்கும் தன் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்கா மஸ்துராவின் போன், காப்பிக் கடை மாடியில் இருந்த துப்பறியும் அலுவலகத்து மேசையின் நடுவில் ஸ்பீக்கரில் கிடந்தது. வெளியே மழை. தைப்பிங்கில் மழை பெய்வது செய்தி இல்லை, நின்றால்தான் செய்தி.

“அந்த நம்பரைத் திரும்பக் கூப்பிட வேண்டியதுதானே?” என்றாள் மஸ்துரா.

“நம்பர் விழுந்தாத்தானே அக்கா கூப்பிட? அது சிம் செத்த போன். அதுல வேற யாரையும் கூப்பிட முடியாது, எங்களை மட்டும் கூப்பிடலாம். ஆனா நாங்க திரும்பக் கூப்பிட முடியாது. அதனாலதான், அந்த மாதிரி கால் வந்தா மொதல்ல இடத்தைக் கேளுன்னு தலையில அடிச்சுச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. நான் போய் மொதல்ல ‘தீயா’ன்னு கேட்டுத் தொலைச்சேன்.” ரொஸ்னிதா குரலைத் தாழ்த்தினாள். “டவரை வெச்சு, கோலா ஜெரிங் பக்கம்னு மட்டும் தெரிஞ்சுது. போம்பா தீயணைப்பு வண்டி மணியடிச்சுக்கிட்டுப் போச்சு. துவான்னு ஒரு இடமும் இல்ல, தீயும் இல்ல. யாரோ வாசல்ல கொசுவுக்கு மூட்டின தேங்காய் மட்டையை அணைச்சுட்டுத் திரும்பிட்டாங்க. விளையாட்டு கால்னு கேஸை மூடியாச்சு. அக்கா, அது விளையாட்டு இல்ல. அந்த ஆளு நடுங்கினது இன்னும் என் காதுல இருக்கு.”

ஜன்னலோரம் சாய்ந்திருந்த போர்ஹான் கையிலிருந்த பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்தான்.

“அதாவது, ஒரு ஆளு மாசமா இருக்கற பொண்ணைக் கடத்திட்டுப் போய், கட்டிப் போட்டு, தீயும் வெச்சு, தண்ணியையும் திறந்து விட்டுட்டு, கடைசியில அவனே போன் பண்ணி விலாசமும் சொல்றான். இவ்வளவு பொறுப்பான திருடனை நான் பார்த்ததே இல்ல சிக்கு. பிடிச்சதும் நம்ம ஆபீஸ்லயே சேர்த்துக்கலாம் லா.”

சிக்கு என்றால் டீச்சர். பள்ளியில் மலாய் இலக்கணம் நடத்தும் வேலையை மஸ்துரா உதறிப் பல காலம் ஆகிவிட்டது. அவளுடைய உதவியாளனும், கார் ஓட்டியும், ஓயாத வாயுமான போர்ஹானுக்கு அவள் இன்னும் சிக்குதான். அந்தச் சொல்லுக்குத் தமிழில் வேறு பொருள் உண்டு என்று கீழே காப்பிக் கடையில் யாரோ சொன்னதிலிருந்து அவன் இன்னும் ஆசையாகக் கூப்பிடுகிறான்.

மஸ்துரா சிரிக்கவில்லை. “தீயும் தண்ணியும் ஒரே இடத்துல என்ன பண்ணுது? ரொஸ், அவர் ‘ஆப்பி! ஆப்பி!’ன்னு விட்டு விட்டுக் கத்தினாரா, சேர்த்தாப்பல சொன்னாரா?”

“சேர்த்துத்தான். ஏதோ ஊர் பேரு சொல்ற மாதிரி.”

மஸ்துரா எழுந்து குடையை எடுத்தாள். “ஆப்பின்னா தீ. பதறிப் போனவன் அதைப் பத்துத் தடவை கூடக் கத்துவான், ஆனா நடுவுல மூச்சு விடுவான். ஆப்பி-ஆப்பின்னு ஒட்டிச் சொன்னா அது தீ இல்ல, மரம். கழிமுகத்துச் சேத்துல நிக்குமே, அந்த மரம்.”

“அப்போ துவா?”

“கிழடு. கிழட்டு ஆப்பி-ஆப்பி மரம். அந்த ஆளு தீன்னு சொல்லவே இல்ல. தொண்டை கிழிய விலாசம்தான் சொல்லியிருக்கார். நாமதான் தண்ணி வண்டி அனுப்பினோம்.”

“ஏற்கெனவே தண்ணி ஏறிக்கிட்டிருக்கிற இடத்துக்கு,” என்றான் போர்ஹான்.

“இன்னிக்கு உச்சிப் பொழுதுல கடல் ஏத்தம் முழுசா வந்துரும். சேத்துல கட்டிக் கிடக்கிறவளுக்கு அதுவரைக்கும்தான் நேரம். ரொஸ், போம்பாவை மறுபடி அனுப்பச் சொல்ல முடியுமா?”

“மூடின கேஸ் அக்கா. நான் வாயைத் திறந்தாலே மேலதிகாரி முறைக்கிறார். கண்ணால பார்த்தவங்க யாராவது கூப்பிட்டாத்தான் நகரும்.”

“அப்போ நாங்க பார்க்கிறோம்.”

போர்ஹான் அதற்குள் மிச்ச பிஸ்கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கியிருந்தான்.

*

கோலா ஜெரிங்கில் மழை இல்லை. படகுத் துறையின் முனையில் ஒரே ஒரு கடை. அடுப்பில் பெரிய வாணலி, அதில் மாவில் முக்கிய வாழைப்பழங்கள் புரண்டுகொண்டிருந்தன. வாணலிக்குப் பின்னால், முக்காட்டை இழுத்துச் செருகிய ஒரு பெண்மணி, நீண்ட கரண்டியோடு படைத்தளபதி போல நின்றிருந்தாள். ஐம்பதைத் தொட்ட வயது.

“அக்கா, ஒரு உதவி,” என்றாள் மஸ்துரா. “இந்த ஊர்ல இந்தான்னு யாராவது காணாம போயிருக்காங்களா?”

“இந்த ஊர்ல ஒரே இந்தான்தான். அது நான்தான். காணாம போகணும்னு எனக்கும் ஆசைதான், இந்த வாணலி விட்டாத்தானே.”

மஸ்துராவும் போர்ஹானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வேற இந்தான் இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“என்னை யாரும் கட்டிப் போடலையான்னு யோசிக்கணுமா? என் வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்பவே கைலியைக் கூட ஒழுங்காக் கட்டத் தெரியாது அந்த மனுஷனுக்கு.”

போர்ஹான் தொண்டையைக் கனைத்தான். “தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. விசாரணைன்னு வந்துட்டா எல்லாத்தையும் கேட்டாகணும். நீங்க… இப்போ மாசமா எதுவும்…”

கரண்டி காற்றில் வந்த வேகத்துக்கு அவன் குனியாமல் இருந்திருந்தால் இந்தக் கதை வேறு பக்கம் போயிருக்கும். சூடான மாவு ஒரு சொட்டு மட்டும் அவன் காதைத் தொட்டுவிட்டுப் போனது.

“இல்லையாம் சிக்கு,” என்றான் காதைத் தேய்த்துக்கொண்டே. “எழுதிக்குங்க.”

மஸ்துரா அவசரமாக நடுவில் புகுந்தாள். விடியற்காலை வந்த அழைப்பைச் சொன்னாள். ஆப்பி-ஆப்பி துவா என்ற பெயரைக் கேட்டதும் இந்தானின் முகம் மாறியது.

“அது ஆத்து வாய்க்கு அந்தப் பக்கம் நிக்கிற மரம். கடல்ல இருந்து வர்ற படகெல்லாம் அதைப் பார்த்துத்தான் திரும்பும். அந்தக் கரையில ஒருத்தர்தான் இருக்கார், டெரிஸ்னு.” அவள் கடையின் ஓரத்துப் பெஞ்சைப் பார்த்தாள். அதில் யாரும் இல்லை. “தினம் காலையில வந்து அங்கதான் உக்காருவார். ஒரு காப்பி. ஒரு வார்த்தை பேச மாட்டார். இன்னிக்கு வரல. நான் காப்பியைப் போட்டு ஆற வெச்சுட்டேன்.”

“அவர் எப்படிப்பட்ட ஆளு?”

“ஊமைக் கோட்டான். பகல்ல வாயைத் திறக்க மாட்டார், ஆனா சாயங்காலம் ஆனா அந்தக் கரையில நின்னுக்கிட்டு ‘இந்தாஆஆன்’னு என் பேரைச் சொல்லிக் கத்துவார். துறை நுனிக்குப் போய் ‘என்ன வேணும்?’னு நான் திருப்பிக் கத்தினா மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவார். வருஷக்கணக்கா இதே கூத்து. மத்தவங்க முன்னால மானம் போகுது.”

“உங்களைக் கூப்பிட்டுப் பழகின ஆளு, இன்னொரு இந்தானைக் கட்டி வெச்சிருக்காரா?” என்றான் போர்ஹான்.

இந்தான் அடுப்பை அணைத்தாள். ஆறின காப்பியை ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிற்றால் முடிந்து கையில் தொங்கவிட்டுக்கொண்டாள். “படகுல ஏறுங்க. எவ அந்தப் பொம்பளைன்னு நானும் பார்க்கணும்.”

*

படகு ஆற்றைக் கிழித்துக்கொண்டு போனது. இந்தான்தான் இயந்திரத்தைப் பிடித்திருந்தாள். இரு கரையிலும் அலையாத்திக் காடு. தண்ணீர் ஏறி, வேர்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. மஸ்துராவின் போனில் சிக்னல் கோடுகளும் அப்படியே.

கடைசிக் கோடு போவதற்குள் அவள் தங்கையைப் பிடித்தாள்.

“ரொஸ், அந்த ஆளு சொன்னது பொம்பளையைத்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“‘டியா’ன்னாரே அக்கா.”

மஸ்துரா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். மலாயில் டியா என்றால் அவன். அவள் என்றாலும் டியாதான். வீட்டில் செல்லமாக வளர்கிற நாலுகால் பிராணி என்றாலும் டியாதான். கேட்கிறவர் மனசில் யார் நிற்கிறார்களோ, அவர்கள் வந்து அந்தச் சொல்லில் உட்கார்ந்துகொள்வார்கள். ரொஸ்னிதாவின் மனசில் ஒரு பெண் நின்றிருக்கிறாள். வைரம் என்று பொருள்படும் இந்தான் என்ற பெண் பெயர் அவளுக்குச் சேலை கட்டாத குறையாக அலங்காரமும் செய்துவிட்டது.

“சரி. கர்ப்பமா இருக்கான்னு சொன்னாரே. அவர் வாயில வந்த சொல்லு என்ன? அப்படியே சொல்லு.”

மறுமுனையில் படியேறி ஒதுங்கும் காலடிச் சத்தம் கேட்டது.

“ரொஸ்?”

“அது நல்ல சொல்லு இல்ல அக்கா. நான் கொஞ்சம் மாத்தி…”

“மேலதிகாரி கிட்டயும் மாத்தித்தான் சொன்னியா?”

“பின்ன? ஆம்பளைங்க முன்னால அதை எப்படிச் சொல்றது? ஒரு பொம்பளையைப் போய் அப்படிச் சொல்றானேன்னு எனக்குக் கோபம் வேற. அம்மா நம்மளை அப்படியா வளர்த்தாங்க?”

“சொல்லு லா!”

“...புந்திங்.”

கோடு போனது. இணைப்பும் போனது.

மஸ்துரா போனை இறக்கினாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று போர்ஹான் எட்டிப் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“புந்திங். சினை! மனுஷியை எவனும் அப்படிச் சொல்ல மாட்டான், வாய் கெட்டவனைத் தவிர. ஆனா அந்த ஆளு வாய் கெட்டவர் இல்ல போர்ஹான், சரியான சொல்லைத்தான் சொல்லியிருக்கார். என் தங்கச்சிதான் மரியாதை பார்த்து மாத்திட்டா. இந்தான் அக்கா, டெரிஸ் அண்ணன் மாடு எதுவும் வளர்க்கிறாரா?”

“ஒரு எருமை வெச்சிருக்கார்.”

“அதோட பேரு?”

“எருமைக்கு யாரு பேரு…”

இயந்திரம் நின்றது. படகு தானாக மிதந்தது. சாயங்காலங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக இந்தானின் முகத்தில் வந்து போயின. வெட்கம் கெட்ட அந்தக் கூப்பாடுகள். மரத்துக்குப் பின்னால் ஒளிந்த அந்தத் தலை. மேய்ந்துவிட்டு ஆடி ஆடித் திரும்பி வரும் அந்தக் கருத்த உருவம்.

“என் பேரை,” என்றாள் மெதுவாக. “எருமைக்கு.”

“நல்ல லட்சணமான எருமையா இருக்கும் அக்கா,” என்றான் போர்ஹான்.

“உனக்கு நீச்சல் தெரியுமா தம்பி?”

“தெரியாது.”

“அப்போ வாயை மூடிக்கிட்டு உக்காரு.”

அவள் இயந்திரத்தை இழுத்த இழுப்பில் படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது.

“அக்கா, மெதுவா!” என்றாள் மஸ்துரா.

“மெதுவாப் போனா அந்த ஆளு முங்கிருவார். முங்கிட்டா நான் யாரைக் கொல்றது?”

*

கிழட்டு ஆப்பி-ஆப்பி மரம் ஆற்று வாயில் தனியாக நின்றிருந்தது. அதன் அடியில், மார்பளவு தண்ணீரில் ஒரு மனிதர். அவர் இரு கைகளிலும் ஓர் எருமையின் முகம். குழந்தைக்கு முகம் கழுவிவிடுகிறவர் போல, அதன் தாடையைத் தாங்கி, மூக்கைத் தண்ணீருக்கு மேலே பிடித்திருந்தார். தழை தின்ன வந்த எருமை விடியும்போது சேற்றில் இறங்கிவிட்டது. மேலும் இறங்காமலிருக்க அவர் அதை மரத்தோடு கட்டினார். கட்டி முடித்துத் திரும்பினால் அவர் கால்கள் இரண்டும் சேற்றுக்குள். எருமையின் வயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவே அவர் வசமாக மாட்டியிருந்தார். கயிற்று முடிச்சும், பேசும்போதே கைநழுவி விழுந்த போனும் இப்போது தண்ணீருக்கு அடியில்.

“கிட்ட வராதீங்க!” டெரிஸின் குரல் கம்மிப்போயிருந்தது. “டியா மிரண்டு ஒரு உதை விட்டா நான் உள்ளே போயிருவேன். போம்பா எங்க? நான் அப்பவே சொன்னேனே!”

“போம்பா வேற ஒரு தீயை அணைக்கப் போயிருச்சு அண்ணே,” என்றான் போர்ஹான். தன் போனை எடுத்தான். கோடே இல்லை. ‘அவசர அழைப்பு மட்டும்’ என்றது திரை. “சிக்கு! என் போனும் செத்த போன் ஆயிருச்சு!”

“அவசரத்துக்கு வேற கம்பெனி டவரா இருந்தாலும் எடுக்கும். அடி! வளவளன்னு பேசாத, கட் ஆயிட்டா அவங்க திரும்பக் கூப்பிட முடியாது. மொதல்ல இடம்!”

வாழ்க்கையில் முதல் தடவையாகப் போர்ஹான் ஒரு ஜோக்கை விழுங்கினான்.

“கோலா ஜெரிங் ஆத்து வாய், வடக்குக் கரை, கிழட்டு ஆப்பி-ஆப்பி மரம். மரம்! தீ இல்ல! ஒரு மனுஷன், ஒரு எருமை, சேத்துல மாட்டியிருக்காங்க, தண்ணி மாருக்கு வந்துருச்சு. நான் கண்ணால பார்த்துக்கிட்டிருக்கேன். படகோட வாங்க, கயிறு கொண்டு வாங்க, சைரன் வேண்டாம். எருமை சினை. ஆமாம்மா, புந்திங். புந்திங்! அதே சொல்லுதான், அப்படியே எழுதுங்க!”

அதற்குப் பிறகு காத்திருப்பது மட்டும்தான். காத்திருக்கும் நேரத்தை இந்தான் வீணாக்கவில்லை. படகை மரத்தின் மறுபக்கம் கட்டிவிட்டு, கவிழ்ந்து படுத்து, ஒரு கையால் டெரிஸின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் அவர் தோளுக்கு வந்தது. அவள் பிடி தளரவில்லை, வாயும் ஓயவில்லை.

“உலகத்துல வேற பேரே கிடைக்கலையா உமக்கு?”

டெரிஸ் எருமையின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னைப் பார்த்தா எருமை மாதிரியா இருக்கு?”

“இல்ல,” என்றார். “சத்தமா கூப்பிடணும்னு ஆசையா இருந்துச்சு. சும்மா கூப்பிட்டா நல்லா இருக்காது. ஒரு காரணம் வேணும்ல. அதுக்குத்தான் வாங்கினேன்.”

“எதை?”

“எருமையை.”

போர்ஹான் வாயைத் திறந்தான். மஸ்துரா அவன் பையிலிருந்த ஊறிப்போன பிஸ்கட்டை எடுத்து அந்த வாயை அடைத்தாள்.

இந்தான் காலரை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பிறகு, குரல் கொஞ்சம் இறங்க, “போன் வெச்சிருக்கீரே, சிம்மை ஏன் சாக விட்டீர்? காசு போட்டு வெச்சிருந்தா எனக்கு ஒரு கால் பண்ணியிருக்கலாம்ல? நான் காலையிலேயே வந்திருப்பேனே,” என்றாள்.

“யாரைக் கூப்பிடறதுக்குன்னு காசு போட? கூப்பிடணும்னு நினைச்ச ஆளு எதிர்க்கரையிலதான் இருக்கு. அந்தப் போனை நான் டார்ச் லைட்டாத்தான் வெச்சிருந்தேன்.”

தண்ணீர் அவர் கழுத்தைத் தொட்டபோது, போம்பாவின் படகு சத்தமில்லாமல் வளைவைத் திரும்பியது. சிவப்புச் சட்டைக்காரர்கள் வந்த வேகத்தில் எருமையின் வயிற்றுக்கடியில் பட்டையை ஓட்டினார்கள். ஒருவர் மூழ்கிக் கயிற்றை அறுத்தார். இன்னொருவர் குழாயைச் சேற்றில் செருகி, டெரிஸின் கால்களைச் சுற்றித் தண்ணீரைப் பீய்ச்சினார்.

“தண்ணிக்குள்ள தண்ணி அடிக்கிற போம்பாவை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்,” என்றான் போர்ஹான், பிஸ்கட்டை முழுங்கிவிட்டு.

சேறு இளகியது. ‘சளக்’ என்று பாட்டில் மூடி திறந்த மாதிரி ஒரு சத்தம். இந்தான் காலரோடு இழுத்த இழுப்பில் டெரிஸ் படகுக்குள் குப்புற வந்து விழுந்தார், ஒரு செருப்பு கூட இல்லாமல். அந்தப் பக்கம் எருமை, காலடியில் தரை இல்லாததை அப்போதுதான் கண்டுபிடித்தது போல, மிதந்து, நீந்தி, திட்டில் ஏறி, உடம்பை உதறிக்கொண்டு ஒரு கொத்துத் தழையைக் கடித்தது.

டெரிஸ் நடுங்கிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். தலையிலிருந்து கால்வரை சேறு. இந்தான் முறைத்துக்கொண்டே காப்பிப் பையை நீட்டினாள். அதைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

“இந்தான்,” என்றார்.

படகில் இருந்தவள் நிமிர்ந்தாள். திட்டில் இருந்ததும் தழையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

போம்பாக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போர்ஹான் சிரிப்பை அடக்கப் படகின் விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“எந்த இந்தான்?” என்றாள் இந்தான். குரலில் கோபம் இருந்தது. கண்ணில் இல்லை.

டெரிஸ் தண்ணீரைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். ஒளிந்துகொள்ளத் தோதாக அது கொஞ்சம் தூரத்தில் இருந்தது. மஸ்துராவுக்குப் பொறுக்கவில்லை.

“டெரிஸ் அண்ணே! லைன் கட் ஆயிட்டா மறுபடி கிடைக்காது. மொதல்ல இடத்தைச் சொல்லுங்க, அப்புறம் என்ன உதவி வேணும்னு சொல்லுங்க. அவ்வளவுதான்.”

டெரிஸ் ஒரு முறை மூச்சை இழுத்துக்கொண்டார். காப்பிப் பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“படகுத் துறை, வாழைப்பழக் கடை இந்தான்,” என்றார், சாயங்காலங்களில் கூப்பிடும் அதே உரத்த குரலில். “என்னைக் கட்டிக்கிறியா?”